மூன்று முறை தட்டியாயிற்று

"மூடின பைலை எடுத்துக் குடுங்க."

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்றே மேடம் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், மூடிய பைலை மட்டும் கேட்காதே. எட்டு மாதம் கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் வேலை நிலைக்கும் என்று வீட்டில் ஓதி அனுப்பியிருந்தார்கள்.

பீரோ சாவிகளை இடுப்பில் தொங்கவிட்டுத் திரியும் கிளார்க்கை நாங்கள் பூட்டு அண்ணன் என்போம். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் டீயைப் பார்த்தார்.

எல்லாம் பத்து நிமிடத்துக்கு முன் வந்த போனால்தான். மதியம் மூன்று மணி, அலுவலகமே தூங்கி வழியும் நேரம். என் மேசையில் இருந்த உதவி எண் போன் அடித்தது. ஒரு சிறுமியின் குரல். அதற்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

"அக்கா, நேத்து நீங்க தட்டினீங்க."

நேற்று நான் தட்டியது ரயில்பாதை ஓரத்து ஓட்டு வீடு. மனைவி விட்டுப் போனதிலிருந்து ஒருவன் தன் ஆறு வயது மகளைப் போட்டு அடிக்கிறான் என்று பக்கத்து வீட்டம்மா புகார் தந்திருந்தார். வெளியே கனத்த பூட்டு. தட்டினேன். பதில் இல்லை. 'யாரும் இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். அது இரண்டாவது முறை. மூன்றாவதும் அப்படியே என்றால் பைலை மூடிவிடலாம். இங்கே அதுதான் நடைமுறை.

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். அம்மா வீட்டு வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். யார் தட்டினாலும் மூச்சு விடாதே என்பாள். நானும் விட்டதில்லை. படித்த படிப்பில் அது மட்டும் மறந்துபோயிற்று.

"நீ உள்ளயா இருந்தே, கண்ணு?"

"நானும் இருந்தேன். அவளும் இருந்தா. அப்பா திட்டுவாருன்னு வாயைப் பொத்திக்கிட்டா."

"அவ யாரு?"

"இப்ப இருக்கிறவ." குரல் இறங்கியது. "காலையிலேர்ந்து அவ தண்ணி கேக்கல அக்கா."

லைன் அறுந்தது.

அந்த முகவரியைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் மூடிய ஒரு பைல் இருந்தது. வேறு குடும்பம். அதே வீடு.

அண்ணன் பீரோவைத் திறந்ததும் ஈரச்சுவர் வாடை முகத்தில் அடித்தது. மற்ற பைல்களில் தூசி. இது மட்டும் நனைந்திருந்தது.

மூன்று வருகை. மூன்று 'யாரும் இல்லை'. அதற்குக் கீழே, பத்து நாள் கழித்துப் பூட்டு உடைக்கப்பட்டதாக ஒரு வரி. பெண் குழந்தையின் சடலம், வயது ஏழு. கதவின் உட்புறம் நகக் கீறல்கள்.

மூன்று இடத்திலும் மேடத்தின் கையெழுத்து.

"உங்களையும் கூப்பிட்டாளா?"

மேடம் கிசுகிசுத்தார். "தினமும். நான் எடுக்கிறத விட்டுட்டேன். அந்த மேசையை உனக்குக் குடுத்ததே அதனாலதான்." பிறகு, குழந்தைக்குச் சோறூட்டும் குரலில், "நாளைக்குப் போய் மூணாவதையும் எழுதிடும்மா. முடிஞ்சிடும்," என்றார்.

அண்ணன் பீரோவைச் சாத்திப் பூட்டினார்.

உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மூன்று முறை.

"எலி," என்றார் அண்ணன். பீரோவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் முகவரியைச் சொன்னேன். கிளம்புகிறோம் என்றார்கள். அவர்கள் கிளம்பும் லட்சணம் எனக்குத் தெரியும். ஜன்னல் திண்டில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டேன். உத்தரவில்லாமல் பூட்டில் கை வைத்தால் வேலை போய்விடும் என்றார் மேடம்.

"போகட்டும் மேடம். நான் தட்டப் போகல."

படியில் இறங்கினேன். என் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், ஈரக் கால்கள் இரண்டு ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கின.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்ததும் அவை எனக்கு முன்னால் ஓடின.