சுவருக்குள் நாலடி

"அய்யோ...!"

அலறியவள் வரைபடக்காரி.

கருவறை நடுவில் தலைமை ஆய்வாளர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை!

மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த பழங்கோயில். ஒரே வாசல். விடிந்ததிலிருந்து அந்த வாசலில்தான் அவள் உட்கார்ந்து கோயிலின் அளவுப்படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"உன்னைத் தாண்டி யாரு உள்ளே போனா?" தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"அவர் மட்டும்தான் சார்..."

"வேற யாரு இங்கே வேலை பாக்குறது?"

"துணை ஆய்வாளர். 'திருத்தம்'னு கூப்பிடுவோம். யாரு தப்பாச் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. நேத்தே லீவுல போயிட்டாரு..."

"அப்போ மிச்சம் நீதான். கையை நீட்டும்மா!"

அவளுக்கோ வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை!

அப்போதுதான்...

"வெளியேறுங்கள்... நிற்பவன் சாவான்..."

சுவரிலிருந்து குரல்!

ஏட்டு விலங்கைக் கீழே போட்டார். "சார்... சாமி பேசுது! நான் வெளியே காவலுக்கு நிக்கிறேனே..."

"நில்லுய்யா!" இன்ஸ்பெக்டரும் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

பயமாயிருந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அவளுக்குப் பிடித்துக்கொள்ள அளவு நோட்டுதான் இருந்தது.

பார்த்தாள்.

கட்டடம் வெளியே இருபத்திரண்டு அடி. உள்ளே பதினாலு. முன்சுவர், பின்சுவர் சேர்த்து நாலு.

மீதி நாலடி எங்கே...?

சுவருக்குள் ஒளியறை! அந்தக் காலத்தில் பூசாரி உள்ளே ஒளிந்து சாமியாகப் பேசியிருக்கிறான். ராஜாவே மண்டியிட்டிருக்கிறான்! இன்று உள்ளே இருப்பது...?

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"பயப்படாதீங்க சார்! இது வெறும் ஐந்நூறு வருஷக் கட்டடம். சுண்ணாம்புப் பூச்சு..."

சுவரைப் பார்த்தபடி எண்ணினாள்.

ஒரு மூச்சு... இரண்டு மூச்சு...

"ஐந்நூறா? ரெண்டாயிரம்! சுண்ணாம்பு இல்ல, களிமண்!" வெடித்தது சாமி.

"திருத்தம் சார்!" என்று கத்தினாள் அவள்.

பின்சுவர்ப் பலகைக்கல்லை ஏட்டு நெம்பினார். உள்ளே புழுதியும் வியர்வையுமாய்த் துணை ஆய்வாளர்!

"இந்த அறையைக் கண்டுபிடிச்சது நான்! யாருக்கும் காட்டாத அறிக்கையில அவர் பேரு மட்டும் போட்டாரு. அதுக்காக நான் கொல்லலை! சும்மா ஒளிஞ்சிருந்தேன்..."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

அவர் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார், வாய்விட்டுப் படித்தபடியே.

"பத்து மணிக்கு... சுத்தியலால்..."

"பத்தே கால்! கடப்பாறை!"

சொன்ன பிறகுதான் திருத்தம் வாயைப் பொத்தினார்.

ஏட்டு பேனாவை நீட்டினார், பயபக்தியோடு.

"அப்படியே ஒரு கையெழுத்தும் போட்டுருங்க, சாமி!"