வாய் நிறையத் தண்ணீர்

ராயபுரம் பள்ளியின் தொடர் ஓட்ட அணிக்கு மூன்று பேர் தேறிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு ஹெப்சிபாவுக்கும் செங்கொடிக்கும் போட்டி.

அணித் தலைவி ரோசி ஒன்பதாம் வகுப்பு. செல்போனில் எதைப் பார்த்தாலும் மறுநாளே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

“வர்ற வெள்ளிக்கெழம போட்டி. வாயில தண்ணி வச்சிகினு மூணு ரவுண்டு ஓடணும். முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. மூக்காலதான் மூச்சு வுடணும். நெஞ்சு இரும்பாயிடும்!” என்றாள்.

ஹெப்சிபா ஒரு வாரம் தெருவில் ஓடிப் பழகினாள். வாயில் தண்ணீரோடு வீட்டுக்குள் நுழைவாள்.

“இன்னாடி, இட்லி வேணுமா?” என்று அம்மா கேட்பாள்.

“ம்ம்.”

வேண்டுமா வேண்டாமா என்று புரியாமல் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நாலாவது இடத்துக்காக ஹெப்சிபா எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை போட்டி தொடங்கியது. இரண்டாவது சுற்றில் ஹெப்சிபா முந்திவிட்டாள். வளைவில் திரும்பிப் பார்த்தாள். செங்கொடியின் கண்கள் பிதுங்கின. கால்கள் பின்னின. காலையிலிருந்தே அவளுக்கு மூக்கடைப்பு. ஆனாலும் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

கத்த வேண்டுமென்றால் ஹெப்சிபா துப்ப வேண்டும். துப்பினால் எல்லாம் போச்சு.

புளிச்சென்று துப்பினாள். “துப்புடி! வாயத் தொற!”

செங்கொடியும் துப்பினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து காற்றை வாரி வாரி இழுத்தாள்.

ரோசி ஓடிவந்தாள். “ரெண்டு பேரும் துப்பிட்டீங்களே! சரி, ஹெப்சிபா, நீதான முன்னால வந்துகினு இருந்தே? நீயே வந்துடு.”

ஹெப்சிபா சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் செங்கொடி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“வேணாம்க்கா. அவளுக்கு மூக்கு அடச்சிகினு கீது. வாயையும் மூடிட்டா எப்டி ஓடுவா? அவளுக்கு நல்லாவட்டும். தண்ணி இல்லாம ஓடறோம்.”

ரோசி யோசித்தாள். தன் மூக்கைப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். பத்தடியில் முகம் சிவந்து நின்றாள்.

“யப்பா! சரி, அடுத்த வாரம் ஓடுங்க. தண்ணி வேணாம்.”

அடுத்த வாரம் செங்கொடி ஒரு கை நீளம் முந்தி ஜெயித்தாள்.

ஹெப்சிபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதை அடக்கவில்லை. செங்கொடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கே நீ டீம்ல சேந்திருக்கலாம்ல?”

“சேந்திருக்கலாம்.” ஹெப்சிபா கண்ணைத் துடைத்தாள். “ஆனா அன்னிக்கு நீ எங்கடி ஓடுனே? தண்ணியத்தான தூக்கிகினு வந்தே? இன்னிக்குத்தான் ஓடுனே. இன்னா ஓட்டம்டி!”

சொல்லும்போதே, அழுகை நிற்காமலேயே, அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.