தஞ்சோங்தான் சரி

"டமார்!"

மழைக்கு ஒதுங்க ஓடிய வேகத்தில் ஷர்மினியின் குடை பட்டு, வரிசையாக நின்ற பூச்சட்டிகளில் ஒன்று கீழே விழுந்து சிதறியது. ஈப்போவிலிருந்து செமோர் போகும் சாலையில் இருந்த அந்த நர்சரிக்கு அவள் வருவது அன்றுதான் முதல் தடவை...

"ஐயோ, சாரிண்ணே... தெரியாம உடைச்சிட்டேன்!"

செடிகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். நெற்றியில் மழைநீர் வழிந்தது. திட்டப்போகிறான் என்று பார்த்தால்... அந்தக் கண்கள் சிரித்தன!

"பரவால்லலா. உடைச்சது நீங்க, பேரு மட்டும் எனக்கு."

"என்னது?"

"என் பேரு உடையப்பன்."

ஷர்மினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும்தான்.

"மரம் வாங்க வந்தீங்களா, சட்டி உடைக்க வந்தீங்களா?"

"மரம்தான். புது வீடு, கார்னர் லோட், மூலை வீடு. முன்னால நிழலே இல்ல. மத்தியானத்துக்கு மேல உள்ள உக்கார முடியல. மயிற்கொன்றை இருக்கா? செவப்பா பூக்குமே..."

"அது பாடாங் மாதிரி திறந்த திடலுக்கு ஓகே. வீட்டு வாசல்ல வச்சா வேரு, தண்ணி ஓடுற லோங்காங்கையே தூக்கிடும். விசிறி வாழை வைங்க, அழகா இருக்கும்."

"அது விரிஞ்சா என் கார எங்க நிறுத்துறது? உங்க லோரியிலயா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுவும் சரிதான். வீட்ட ஒரு தடவ பார்த்துட்டா நல்லா சொல்லலாம். வரட்டுமா?"

வாங்க என்று சொல்லிவிட்ட பிறகுதான், இத்தனை சீக்கிரமாகவா சொல்வது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உடையப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தான். அடுத்த வாரம் வேலியோரம் இட்லிப்பூச் செடிகளை நட்டான். அதற்கடுத்த வாரம், அவை வேர் பிடித்துவிட்டனவா என்று பார்க்க வந்தான்! ஷர்மினியின் அம்மா வீரம்மா ஒவ்வொரு முறையும் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, எதுவும் தெரியாதவள்போல் உள்ளே போய்விடுவாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில தாதிதானே? ராத்திரி வேலைன்னா எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"காலையில, விடியுற நேரத்துல. மரத்துக்கு இதெல்லாமா கேப்பாங்க?"

"நான் கேப்பேன்லா."

'அண்ணே' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினோம்? ஷர்மினிக்கே தெரியவில்லை...

ஒரு மாலை, வேலைக்குப் போகும் வழியில் அவனுக்காகச் சுடச்சுடக் கொய்த்தியாவ் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு நர்சரிக்குள் நுழைந்தாள். அவன் முதுகைக் காட்டியபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமா மச்சான், அந்தத் தாதிப் பொண்ணுதான். நல்லா யோசிச்சுட்டேன். அவங்களுக்குத் தஞ்சோங்தான் சரி. வேற எதுவும் சரிப்படாது."

ஷர்மினியின் கால்கள் அப்படியே நின்றன.

தஞ்சோங்! ஈப்போவில் கோபத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் மனநல மருத்துவமனையைத்தான் சொல்கிறார்கள். போன வருடம் மண்டபம் வரை வந்த பிறகு தன் கல்யாணத்தை அவளே நிறுத்தினாள். ராத்திரி வேலையை விடு, இல்லையென்றால் கல்யாணம் இல்லை என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். இல்லை என்றே இருக்கட்டும் என்றாள். "இந்தப் பொண்ண தஞ்சோங்குக்குக் கொண்டு போங்க" என்று மண்டபத்திலேயே அவர்கள் சிரித்தார்கள். மனநோய் கேலிக்குரியதல்ல என்று தாதியான அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இனி ஒருவனை நம்பலாமா என்று ஒரு வருடமாகத் தயங்கி, இப்போதுதான் மெல்ல நம்பத் தொடங்கியிருந்தாள்...

இவனுமா? இவனுமா அப்படி நினைக்கிறான்?

சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள். அவன் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் போடவில்லை. அழக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை.

சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது.

"எதுக்கு வந்தீங்க?" படபடப்போடு வெளியே வந்தாள் ஷர்மினி. "எனக்குத் தஞ்சோங்தான் சரின்னு சொன்னீங்களே, கேட்டேன். நான் பைத்தியம்னா ஏன் வீடு தேடி வரீங்க?"

உடையப்பன் திகைத்துப்போனான். "பைத்தியமா? யாருங்க சொன்னா?" என்று லோரியின் பின்பக்கம் கை காட்டினான். ஓர் ஆள் உயரத்துக்குப் பளபளக்கும் இலைகளோடு ஒரு கன்று நின்றது. "இதுதான் தஞ்சோங். மலாய்ல புங்கா தஞ்சோங்னு சொல்ற பூமரம். தமிழ்ல என்ன பேருன்னு எனக்குத் தெரியாது..."

வாசலுக்கு வந்த வீரம்மா எட்டிப் பார்த்தாள். "அடியேய், இது மகிழமரம்டி!"

ஷர்மினி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நின்ற கல்யாணம், மண்டபம், சிரிப்பு, எல்லாம்... அவன் ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"அந்த வார்த்த உங்கள இவ்ளோ நோகடிச்சிருக்குன்னு தெரியாம போச்சு. மன்னிச்சிடுங்க" என்றான் மெதுவாக.

"ஏன் இந்த மரம்?"

"நிழல் குடுக்கும், இலைய மொத்தமா கொட்டாது..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். காதுகள் சிவந்தன. "அது இல்ல காரணம். இந்தப் பூ ராத்திரியில பூத்து, விடியுறப்ப கொட்டும். நீங்க ராத்திரி பூரா நோயாளிங்களப் பார்த்துட்டு, களைச்சுப் போயி அந்த நேரத்துலதானே வரீங்க... கார விட்டு இறங்கினதும் வாசம் வரணும்னு நெனச்சேன்."

அவள் கன்றின் இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி வேலையை விடச் சொன்னவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். அவள் வீடு திரும்பும் நேரத்தை நினைத்து மரம் தேடியவன் இவன் ஒருவன்தான்.

"எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான் யோசிப்பீங்களா?"

"இல்ல. உங்களுக்கு மட்டும்தான். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, ஷர்மினி. சொல்லத்தான் பயம்..."

அம்மா நிற்கிறாளே என்று அவள் திரும்பினாள். வீரம்மா எப்போதோ உள்ளே போயிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் ஷர்மினி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "ஆனா, எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு."