நீலக் கைப்பிடிப் பிரஷ்

கல்யாணமாகி மூன்றாம் நாள், ஒரு பெட்டியும் இரண்டு பையுமாக அவர் வீட்டுக்குள் போனேன். குளியலறைக் கண்ணாடித் தட்டில் என் சாமான்களை வைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. பல்லிடுக்கில் நுழைகிற சின்னப் பிரஷ். நீலக் கைப்பிடி.

"அது அங்கயே இருக்கட்டும்மா. என் இம்ப்ளான்ட்டை அவதான் தினமும் இதால சுத்தம் பண்ணிவிடுவா" என்றார் கணவர். அவ என்றால் செத்துப்போன முதல் மனைவி. இம்ப்ளான்ட் என்றால் அவருடைய மேல் முன்பல், எலும்புக்குள் திருகி வைத்த செயற்கைப் பல். "அவளை அக்கான்னு நினைச்சுக்கோயேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவாம், அக்கா! பத்து வருஷமாகப் பல் ஆஸ்பத்திரியில் ஊரான் வாயையெல்லாம் சுத்தம் செய்கிறவள் நான். என் புருஷன் பல்லை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அன்றைக்கே பிரஷைக் குப்பையில் வீசினேன்.

மறுநாள் காலை அது தட்டில் இருந்தது.

ஈரமாக.

அவர்தான் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவரை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, நாற்காலியில் சாய்த்து, அளவுக் கம்பியால் ஈறுகளைப் பார்த்தேன். மற்ற பற்களைச் சுற்றி ஈறு விட்டுப்போய் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் பள்ளம்; மூன்றைத் தாண்டினாலே நோய். தொட்டால் ரத்தம். இம்ப்ளான்ட்டைச் சுற்றி மட்டும் இரண்டே இரண்டு. ஈறு இறுகி, குழந்தை வாய் போல இருந்தது.

"இதை மட்டும் யாருங்க சுத்தம் பண்றது?"

"நான் பல் தேய்க்கிற லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. விடியக்காலைல யாரோ உதட்டைத் தூக்குற மாதிரி இருக்கும். நீதான்னு நினைச்சேன்."

நான் இல்லை.

பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமை. நான் பக்கத்தில் படுத்திருக்கும்போதே என் புருஷன் வாயில் அவளுக்கு என்ன வேலை? செத்த பிறகும் விடமாட்டாளா?

இம்ப்ளான்ட்டை ஸ்டீல் கருவியால் சுரண்டக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இது. கீறல் விழுந்தால் அதில் கிருமி தங்கும். ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, பல் ஆட ஆரம்பிக்கும். பல் போனால் அவளும் தொலைவாள். பிளாஸ்டிக் முனையை வைத்துவிட்டு ஸ்டீலை எடுத்தேன்.

ஒரு கீறல். இன்னொன்று. மூன்றாவது.

காதோரம் கிராம்புத் தைலம் மணத்தது.

"மெதுவாடி. அவருக்குக் கூசும்."

பெண் குரல். கோபமே இல்லாத குரல். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் எழுந்ததும் என் வாயில் இரும்பு ருசி. கண்ணாடியில் பார்த்தேன். மேல் முன்பல், அவருடைய அதே பல். ஈறில் மூன்று கோடுகள்.

ஆறே வாரம். அந்தப் பல்லைச் சுற்றி என் ஈறில் ஒன்பது மில்லிமீட்டர் பள்ளம். அவருடையது அதே இரண்டு. பல்லைப் பிடுங்கிய டாக்டர், வேரை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, யாரோ ஸ்டீலால கீறின மாதிரி இருக்கே! இம்ப்ளான்ட் வெக்கலாம்னா அந்த இடத்துல எலும்பே இல்லையே."

வீட்டுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று சிரித்தபோது அந்த முன்பல் பளபளவென்று மின்னியது.

அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீலப் பிரஷைக் கழுவினேன். தட்டில் பார்த்து வைத்தேன்.

"அக்கா, தெரியாம பண்ணிட்டேன். அவர் உங்களுக்கே. என்னை விட்டுடுங்கக்கா."

கிராம்பு வாசம் மட்டும் வந்து போனது. மனசு கொஞ்சம் லேசானது.

இன்று காலை நீலப் பிரஷுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பெட்டியில் நான் பூட்டி வைத்த ஸ்டீல் கருவி கிடந்தது.

ஈரமாக.

நாக்கால் அடுத்த பல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஆடுகிறது.