கொலுவில் ஒரு தளபதி

இரும்புலியூரில் அந்தப் பழைய மாடி வீட்டுக்குக் குடிவந்த கையோடு நவராத்திரியும் வந்தது. பரணைச் சுத்தம் செய்த கிரீஷுக்கு ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே ஈயச் சிப்பாய்கள். முக்கோணத் தொப்பியும் நீளக் கோட்டுமாக. நடுவில், வலது கையை நீட்டி ஆணையிடும் தளபதி. அவன் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறவன்; துரைக்கு இது போதாதா? அந்த வருஷம் கொலுப்படிக்கு முன்னால் பூங்காவுக்குப் பதில் போர்க்களம், களிமண் குன்றும் அதன் பின்னால் எதிரிச் சிப்பாய்களுமாக.

சுண்டலுக்கு வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்துப் பாடம் எடுத்தான்.

"பாருங்கோ மாமி, எதிரியைப் போல ரெண்டு மடங்கு ஆள் இவன்கிட்ட. அந்தத் திமிர்ல, கல்யாண ஊர்வலம் மாதிரி மேளம் கொட்டிண்டு போனான். குன்றுக்குப் பின்னாடி யார் இருக்கான்னு பார்க்க ஒருத்தனை அனுப்பலை. சாயங்காலத்துக்குள்ள மொத்தப் படையும் காலி. முட்டாள்!"

சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். தளபதியின் மண்டையில் விரலால் ஒரு தட்டு.

மனைவி ஸ்ம்ருதிக்கு அந்தக் கோணல் உதட்டைக் கண்டாலே எரிச்சல். அவள் சமையல், அவள் வேலை, அவள் அப்பா, எல்லாவற்றுக்கும் அதே உதடுதான். ஆனால் விளக்கேற்றும்போது வேறொன்றும் உறுத்தியது. ஊதுவத்தியை மீறி வெடிமருந்து வாடை. வண்டலூர் ஜூவில் கூண்டருகே வருமே, அப்படி ஒரு ஈர மிருக வாடையும்.

விஜயதசமி மாலை ஆரத்தி முடிந்தது. வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க, அவள் மரப்பாச்சியை எடுத்தாள்.

"அது எதுக்கு? தோத்தவன்தான் படுக்கணும்." கிரீஷ் தளபதியைப் படியில் கிடத்தினான்.

"வேண்டாம் கிரீஷ். பயமா இருக்கு."

"ஈயப் பொம்மை. என்ன பண்ணிடும்?"

அவள் தாம்பாளத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

தளபதி நின்றுகொண்டிருந்தான்.

கிரீஷ் சிரித்தான். போர்க்களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொம்மையை மறுபடி கிடத்தி, மார்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

எங்கோ மேளம் கேட்டது.

கோயில் மேளம் இல்லை.

குன்றுக்குப் பின்னாலிருந்த சிப்பாய்கள் எல்லாம் இப்போது அவன் முதுகைப் பார்த்து நின்றார்கள்.

"கிரீஷ்," என்றாள் அவள். "பின்னாடி பாரு."

"சும்மா இரு."

திரும்பிப் பார்க்கவில்லை, அந்த மேதாவி. அப்படியே பக்கவாட்டில் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் மூச்சு இருக்கிறது என்றார்கள். காரணம் தெரியவில்லை என்றார்கள். கண் திறக்கவில்லை. முன்னால் நீண்டிருந்த வலது கையை மடக்கப் பார்த்தார் வார்டு பாய் ஏசுதாசன்.

"மடங்க மாட்டேங்குதும்மா. இரும்பு மாதிரி கீது."

ஸ்ம்ருதி அழுதாள். கோணல் உதடோ நேர் உதடோ, அவளுக்கு அவன் வேண்டும்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

தளபதி மேல்படியில் நின்றான். நீட்டியிருந்த கை இடுப்புக்கு இறங்கியிருந்தது.

உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.