அம்மா தள்ளிய படம்

“இன்னிக்கு யாரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கப் போறீங்க அண்ணி?” என்று கேட்டபடியே காபி டம்ளரை நகர்த்தி வைத்தாள் நாத்தனார்.

விடிந்து அரை மணிகூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஸ்டுடியோவில் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நாள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அன்றைக்கு இந்தக் குத்தலும் தவறாமல் வரும். சொல்லிக்காட்டுவதில் நாத்தனாரை அடிக்க ஆளே கிடையாது. சாவியம்மா காதில் விழாததுபோல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் தங்கையை அடக்கவுமில்லை, மனைவியை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

ஸ்டுடியோ சாவி அவளிடமே இருப்பதால் ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர்தான் சாவியம்மா. வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த பழைய சலவைக்கூடத்தை இருபத்தேழு வருடத்துக்கு முன் பதினோரு ஓவியர்கள் சேர்ந்து எடுத்தார்கள். ஆளுக்கொரு தடுப்பு என்று பலகை வைத்துப் பிரித்துக்கொண்டு, முன்கூடத்தைக் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். அங்கே முதலாளி என்று யாரும் கிடையாது. பெருக்குவது, பல்பு மாற்றுவது எல்லாம் முறைவைத்துத்தான். முறை என்னவோ சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது. பெருக்கியது என்னவோ சாவியம்மாதான். ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும் ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, சுவருக்கு வெள்ளையடிப்பதும் அவள்தான். கணவரைப் போல அவளும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என்பது பாதிப் பேருக்கு மறந்தேபோயிற்று.

மகளுக்குப் பதினெட்டு வயதானபோது தடுப்பு எதுவும் காலியில்லை என்றார்கள். மறுநாளே சாவியம்மா தன் தூரிகைகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, வெளிச்சம் நன்றாக விழும் தன் ஜன்னலோர இடத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். கொடு என்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று யாரும் தடுக்கவுமில்லை.

அந்த மகள்தான் ஆறு வருடமாக அம்மாவோடு பேசுவதில்லை.

தேர்வுக்கு வரும் படங்களில் பெயரை மறைத்துத் தாள் ஒட்டிவிடுவார்கள். சீட்டுக் குலுக்கி எடுத்த எட்டுப் பேர் ஒவ்வொரு படத்துக்கும் கை தூக்குவார்கள். நாலுக்கு நாலு என்று நின்றுவிட்டால் மட்டும், சாவி வைத்திருப்பவள் என்ற முறையில் சாவியம்மா முடிவு சொல்ல வேண்டும். மகள் முதன்முதலாகப் படம் வைத்த வருடம் அப்படித்தான் நின்றது. சாவியம்மா வேண்டாம் என்றாள். சாயங்காலத்துக்குள் அது மகள் காதுக்குப் போய்விட்டது.

“எட்டுப் பேரும் வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேம்மா. ஆனா நீ சொன்னியே... நீ வரையறத விட்டுட்ட, அதனால நான் வரையறதும் உனக்குப் பொறுக்கல, அப்படித்தானே?”

காரணத்தையாவது சொல் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள் பெண். அம்மா வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம், அம்மா தாளில் சுற்றிக் கட்டிவைத்த படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு, வேறு ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து கணவரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். “பேரை மறைச்சா என்ன, பெத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான தள்ளின?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதோடு சரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருடம் இப்படி ஓட்டுவது எப்படி என்று அனுபவித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வாசல் மணி அடித்தது. நாத்தனார் போய்த் திறந்தாள்.

“வாடி என் கண்ணு... இப்பவாவது வழி தெரிஞ்சுதே.”

மகள் அத்தையைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் இருந்த, அம்மா அன்று தள்ளிய அதே படத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். குனிந்து நின்று சுவரின் ஆணி ஓட்டைக்குப் பட்டி வைக்கும் ஒரு பெண்ணின் படம். ஸ்டுடியோவில் வரைய ஆள் கிடைக்காத நாளெல்லாம் சாவியம்மாவைத்தான் வரைவார்கள். ஓடிப்போகமாட்டாள், கூலியும் கேட்கமாட்டாள். அதனால் இது மகள் வரைந்தது என்று அன்றைக்கு வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

“வீடு மாத்தினேன். மேல பூசிட்டு வேற படம் போடலாம்னு போன வாரம்தான் இதைப் பிரிச்சேன்” என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். “இந்தக் கை நான் வரைஞ்சது இல்ல. யாரு வரைஞ்சதுப்பா?”

அவர் முகத்தில் ஒரு பெருமைகூட எட்டிப்பார்த்தது, பாவம்.

“அதுவா... நீ படத்தைக் கொடுத்துட்டுப் போன மறுநாள் காலையில பார்த்தேன் பாப்பா. எல்லாம் நல்லா வந்திருந்துச்சு. கை மட்டும் கரடுமுரடா இருந்துச்சு. முதல் படமாச்சே, தள்ளிடப் போறாங்களேன்னு நாலே நாலு தீத்தல்தான் போட்டேன். ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“பெத்த அப்பன் தொட்டா குத்தமா?” என்று நாத்தனார் நடுவில் வந்தாள்.

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க.” மகள் அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, உனக்கு அன்னிக்கே தெரியும். தெரியும்லம்மா?”

சாவியம்மா துணியைக் கீழே வைத்தாள். மறைக்க இனி என்ன இருக்கிறது?

“படத்தைத் தூக்கி நிறுத்தினேன். கட்டைவிரல்ல பெயின்ட் ஒட்டுச்சு. படம் முழுக்கக் காஞ்சிருக்கு, கை மட்டும் ஈரம். தோல் நிறத்துல துளி பச்சை கலக்கிறது உங்கப்பா மட்டும்தான். இருபத்தேழு வருஷமா அவர் வண்ணம் குழைக்கிற பலகையத் துடைக்கிறவ, எனக்குத் தெரியாதா? கை தூக்கின நாலு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, அந்தக் கைக்காகவே எடுக்கலாம்னு. அதை உன் பேர்ல மாட்டியிருந்தா ஊரே வந்து புகழ்ந்திருக்கும். அது நீ வரைஞ்சது இல்லன்னு தெரியற அன்னிக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா அப்பா முகத்துல முழிச்சிருப்பியாடி? அவரும் அப்புறம் ஒரு கோடு போட்டிருப்பாரா? கோவம் ஒருத்தர் மேல இருந்தாப் போதும்னு நெனச்சேன். அது என்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இத்தனை வருஷம் ஆகும்னு நெனைக்கல...”

கணவர் எழுந்து நின்றார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப நாலு பேரும் அப்பாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. என் படத்துக்கு யாருமே போடலியாம்மா?”

“நான் போட்டேன்” என்றாள் சாவியம்மா. “நீ கொடுத்தன்னிக்கே பார்த்துட்டேன். வெடிப்பும், நகக்கண்ணுல காஞ்ச பட்டியும், என் கை அப்படியே இருந்துச்சு. என்னை அவ்வளவு உத்துப் பார்க்க ஒருத்தி இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வேணாம்னு சொன்னப்ப, பூச்சுக்கு அடியில மறைஞ்சுபோன அந்தப் படத்துக்குத்தான்டி என் ஓட்டைப் போட்டேன்.”

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “உன்னை என்னென்னவோ பேசிட்டேனே... அத்தனையும் கேட்டுக்கிட்டு இருந்தியேம்மா...” என்று கேவினாள். சாவியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆறு வருடமாக அடக்கிவைத்த அழுகை, அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

கணவர் அருகில் வந்து நின்றார். “வெடிப்பு தெரியக் கூடாதுன்னு நெனச்சு அழகாக்கினேன். அது எப்படி வெடிச்சுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆறு வருஷம் உன்னைக் குத்தவாளியா நிக்க வச்சுட்டேன்.” பின்கதவைத் திறந்தார். “எல்லாரும் வந்திருப்பாங்க. தப்பு யாருதுன்னு அவங்க முன்னாடி நானே சொல்லிடறேன். வெளிய போன்னு சொன்னா போயிடறேன்.”

நில்லுங்க என்று சொல்ல சாவியம்மாவுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இந்த ஒன்றையாவது அவரே செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் போனதும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பென்சிலும் தாளும் எடுத்தாள். “அந்தக் கையைச் சுரண்டிட்டு முதல்ல இருந்து வரையப் போறேன். உக்காரும்மா, கையைக் காட்டு.”

சாவியம்மா உட்கார்ந்தாள். ஆனால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அது ஆறு வருஷத்துக்கு முந்தின கைடி. இப்ப அது இல்ல.”

மகள் முந்தானையை மெதுவாக விலக்கினாள். மூட்டுகள் வீங்கி, மூன்று விரல்கள் உள்பக்கமாக மடங்கிப்போயிருந்தன. விரிக்கச் சொன்னாள், அம்மாவால் விரிக்க முடியவில்லை.

“எப்பலேர்ந்தும்மா இப்படி?”

“நீ போன மறுவருஷத்துலேர்ந்து.”

“யாருமே எங்கிட்ட சொல்லலியே...”

“நீ கேக்கலியேம்மா” என்றாள் சாவியம்மா. அவள் குரலில் கோபமே இல்லை. மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு அழுதாள்.