டிகாக்‌ஷனும் களைப்பளவியும்

கோகிலவாணியின் மணிக்கட்டில் களைப்பளவி மஞ்சளாகிவிட்டது. அது சிவந்தால் போச்சு. இயந்திரச் செவிலி வந்து, "ஓய்வெடுங்கள் அம்மா" என்று குழைந்துகொண்டே மூன்று வயது இரட்டையர் இருவரையும் காப்பகத்துக்குத் தூக்கிப் போய்விடும். களைத்த தாயிடம் பிள்ளை இருக்கக் கூடாதாம். சட்டம் போட்டவர்கள் பிள்ளை வளர்த்த லட்சணம் அப்படி!

இனியன் அலமாரி மேல் ஏறியிருந்தான். துருவன் தோசை மாவில் குளித்துக்கொண்டிருந்தான்.

"வரட்டும், பாத்துக்கறேன்."

முதல் டிகாக்‌ஷனைப் பால்கூடக் கலக்காமல் டம்ளர் நிறைய ஊற்றி மடமடவென்று குடித்தாள். அளவி பச்சையானது. நாடித்துடிப்பை வைத்துத்தான் அது களைப்பைக் கணக்கிடுகிறது; நாடி வேகமாக அடித்தால் தெம்பு என்று நினைத்துக்கொள்ளும். அதைச் செய்தவர்கள் வெறும் வெந்நீர் குடிக்கிற ஊர்க்காரர்கள் போலும்.

ஆனாலும் கதவு தட்டப்பட்டது. செவிலியின் கைகளில் எதிர்வீட்டு ருக்சானாவின் மூன்று பிள்ளைகள்.

"அவர் களைத்துவிட்டார். காப்பகத்தில் இடமில்லை. உங்களிடம்தான் தெம்பு மிச்சமிருக்கிறது அம்மா."

"அடப்பாவி! தெம்பா இருந்தா ஊர்ப் பிள்ளையெல்லாம் என் தலையிலயா?"

செவிலி பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. கோகிலவாணிக்கு ஆத்திரம் பொங்கியது. மிச்ச டிகாக்‌ஷனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைப் படாரென்று திறந்தாள். ருக்சானா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அழுவாத, எந்திரி. கண்ண மூடிட்டுக் குடி."

"கசக்குதுங்கக்கா!"

"பிள்ளைக வேணுமா, வேண்டாமா?"

குடித்தாள். பச்சை எரிந்தது, பிள்ளைகள் அவளிடம் திரும்பினார்கள். செய்தி பரவி, அந்த வாரமே அடுக்ககம் முழுக்க டிகாக்‌ஷன் இறங்கியது. எந்த வீட்டிலும் சிவப்பு இல்லை. தாய்மார்கள் படிக்கட்டில் கூடிக் கும்மாளமிட்டார்கள். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, பிள்ளைகள் மடியில் இருந்தார்கள்.

அந்தக் கும்மாளத்துக்கு நடுவில்தான் செவிலி வந்து நின்றது.

"வாழ்த்துகள்! இத்தனை தெம்பான தாய்மார்களை நாங்கள் எங்கும் கண்டதில்லை. இன்று முதல் நாடு முழுவதற்கும் உங்கள் தெம்புதான் அளவுகோல். இதைத் தாண்டாவிட்டால் களைப்பு என்று கொள்ளப்படும்."

படிக்கட்டில் இருந்த அத்தனை பச்சையும் ஒரே நொடியில் மஞ்சளானது. ருக்சானா பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

கோகிலவாணி புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பெரிய அண்டாவுல தண்ணி வை ருக்சானா. இனி நாடு பூராவுக்கும் நாமதான் காபி போடோணும்."